சிறுகதை காலேஜுக்குள் வந்த கதை

"பின்வரும் சிறுகதையைத் திறனாய்வு செய்க." இலக்கியம் எடுத்து பி.ஏ. படிச்சவங்க யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பிச்சிருக்க முடியாது. தமிழோ ஆங்கிலமோ, ஏதாவது ஒரு செமஸ்டரில் வந்தே தீரும். நம்மாளுங்களும் பதிலைத் தயாரா வெச்சிருப்பாங்க. ஆசிரியர் குறிப்பு அரைப் பக்கம், கதைச்சுருக்கம் ஒண்ணரைப் பக்கம், அப்புறம் பாத்திரப் படைப்பு, உத்தி, நடை, கடைசியா ரெண்டு வரி முடிவுரை. எந்தக் கதைக்கும் இதே சட்டைதான். அளவு கொஞ்சம் கூடும், குறையும், அவ்வளவுதான்.

இந்தக் கேள்வி எங்கேயிருந்து வந்தது, யார் முதலில் கேட்டாங்க, எதுக்காகக் கேட்டாங்கன்னு கொஞ்ச நாளா தேடிப் படிச்சிட்டிருந்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியம். ஏதோ ஆதிகாலத்திலேர்ந்து காலேஜில் கதை படிச்சுக் கட்டுரை எழுதிட்டிருக்காங்கன்னு நாம நினைக்கிறோம். அப்படியெல்லாம் இல்லை. வகுப்பில் ஒரு சிறுகதையை வரிவரியா வாசிச்சு, அதைப் பத்தி மாணவன் சொந்தமா எழுதறதுங்கிற பழக்கத்துக்கு வயசு நூறுகூட முழுசா ஆகலை.

கொஞ்சம் முன்னாடியிருந்து ஆரம்பிப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்க, ஆங்கிலக் கல்லூரிகளில் இலக்கியம்னா லத்தீன், கிரேக்கம்தான். தாய்மொழியில் இருக்கிற கதையையும் கவிதையையும் வீட்டில் நாற்காலியில் சாய்ஞ்சுக்கிட்டுப் படிக்கலாமே, அதுக்கு எதுக்குப் பேராசிரியர் என்பது அந்தக் காலத்து நியாயம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 1828-லேயே ஆங்கிலத்துக்குப் பேராசிரியர் வந்துட்டார். ஆனா ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியத்துக்குத் தனிப் பட்டப்படிப்பு வர 1894 ஆச்சு. கேம்பிரிட்ஜில் 1917.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. அதுக்கெல்லாம் முன்னாடியே, 1835-க்கு அப்புறம், இந்தியாவில் ஆங்கில இலக்கியம் பாடமா நடந்துக்கிட்டிருந்தது. கௌரி விஸ்வநாதன் 1989-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்காங்க. ஆங்கில இலக்கியம் பாடமா உருவெடுத்தது இங்கிலாந்தை விட இங்கேதான் முதல்ல, அதுவும் ஆட்சி நடத்துறதுக்கு வசதியான ஒரு கருவியா, என்பது அவங்க வாதம். ஷேக்ஸ்பியரை ஊரான் வீட்டுப் பிள்ளைகிட்ட சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் சொந்தப் பிள்ளைக்குக் கொடுத்திருக்காங்க :-)

சரி, கட்டுரைக்கு வருவோம். 1874-ல் ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் ஒரு புது விதி. சேர வர்றவங்க ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கட்டுரை எழுதணும். தலைப்பை முன்கூட்டியே அறிவிச்ச சில நூல்களிலிருந்து கொடுப்பாங்க. ஷேக்ஸ்பியரின் மூணு நாடகங்கள், கோல்ட்ஸ்மித்தின் நாவல் ஒண்ணு, வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' இதெல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கேட்க நல்லா இருக்கில்ல? ஆனா விதியைப் படிச்சுப் பார்த்தா, அவங்க பார்க்கப் போறது எழுத்துப்பிழை, நிறுத்தற்குறி, இலக்கணம், சொல்ற விதம்... இவ்வளவுதான். 'ஐவன்ஹோ'வைப் பத்தி உனக்கு என்ன தோணுதுங்கிறது கேள்வியே இல்லை. ஆரம்ப வருஷங்களில் எழுதினவங்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் தேறலை. உடனே பள்ளிக்கூடங்களெல்லாம் அலறிக்கிட்டு அந்தப் பட்டியல் நூல்களைப் பாடமா வெச்சாங்க. ஆக, கல்லூரி வாசலில் நாவலும் நாடகமும் நின்னது பிழைதிருத்தற பரீட்சைக்கான சாக்காத்தான்.

இந்த நேரத்தில் சிறுகதை எங்கே இருந்தது? பத்திரிகைகளில் இருந்தது. 1842-ல் எட்கர் ஆலன் போ, ஹாதார்னின் கதைத் தொகுதிக்கு எழுதின மதிப்புரையில் ஒரு விஷயம் சொன்னார். ஒரே மூச்சில் படிச்சு முடிக்கிற கதைக்குன்னு ஒரு தனி பலம் உண்டு, முதல் வாக்கியத்திலிருந்தே அது ஒரே விளைவை நோக்கிப் போகணும்னு. சிறுகதைக்கு இலக்கணம்னு இன்னைக்கும் வகுப்பில் ஒப்பிக்கிறோமே, அதோட மூலம் இதுதான். கவனிங்க, அது ஒரு பத்திரிகை மதிப்புரை. எழுதினவர் பேராசிரியர் இல்லை, சம்பளத்துக்குக் கஷ்டப்பட்ட பத்திரிகைக்காரர். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பிராண்டர் மேத்யூஸ் 1901-ல் சிறுகதையின் தத்துவம்னு ஒரு சின்னப் புத்தகமே போட்டு, இதையெல்லாம் பல்கலைக்கழகத்துக்குள்ள கொண்டு வந்தார். இருந்தாலும் அது இலக்கணமாத்தான் வந்தது. சிறுகதைன்னா என்னன்னு சொல்லிக் கொடுத்தாங்க. எதிரில் இருக்கிற இந்தக் கதையில் என்ன நடக்குதுன்னு கேட்கிற பழக்கம் பரவலா வரலை.

அதைக் கேட்க வெச்சது கேம்பிரிட்ஜில் நடந்த ஒரு சோதனை. 1920களில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற ஆசிரியர் மாணவர்களுக்குக் கவிதைகளை அச்சடிச்சுக் கொடுத்தார். எழுதினவர் பேர் கிடையாது, வருஷம் கிடையாது. எடுத்துட்டுப் போய் நிதானமாப் படிச்சு, தோணினதை எழுதிக் கொடுங்கன்னார். வந்த பதில்களைத் தொகுத்து 1929-ல் புத்தகமாப் போட்டார். 13 கவிதைகள். ஜான் டன், ஹாப்கின்ஸ், லாங்ஃபெல்லோ மாதிரி பெரிய தலைகளும் உண்டு, சாதாரணமானவங்களும் உண்டு. பேர் தெரியாம போனதும் கேம்பிரிட்ஜ் பசங்க தடுமாறிட்டாங்க. லாங்ஃபெல்லோவைப் பெரும்பாலானவங்க தூக்கிப் போட்டாங்க. பல பேருக்குக் கவிதையின் நேரடி அர்த்தமே பிடிபடலை. இன்னும் பல பேர், கவிதையில் ஒரு வார்த்தையைப் பார்த்ததும் மனசுக்குள்ள ஏற்கெனவே தயாரா இருந்த உணர்ச்சியை எடுத்துக் கொட்டிட்டாங்க. அம்மான்னு வந்தா உருகிடறது, தேசம்னு வந்தா நிமிர்ந்துக்கறது, அந்த மாதிரி.

நாட்டிலேயே நல்லாப் படிக்கிற பசங்கன்னு பேர் வாங்கினவங்க இவங்க. கவிஞர் வாழ்க்கை வரலாறு, காலகட்டம், இயக்கம் எல்லாம் ஒப்பிப்பாங்க. எதிரில் இருக்கிற பதினாலு வரியை மட்டும் படிக்கத் தெரியலை. ரிச்சர்ட்ஸ் அதை மறைக்காம அப்படியே அச்சில் போட்டார். அவர் செஞ்சதில் பெரிய காரியம்னு எனக்குப் படறது அதுதான்.

ரிச்சர்ட்ஸ் பிடிச்சது கவிதையை. சிறுகதைக்கு இதைக் கொண்டு வந்தவங்க அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருந்தாங்க.

அமெரிக்காவின் தெற்கே லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம். 1930களில் அங்கே ரெண்டு இளம் ஆசிரியர்கள், கிளீன்த் புரூக்ஸ், ராபர்ட் பென் வாரன். ரெண்டு பேருமே ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போய்ப் படிச்சுட்டு வந்தவங்க. பொருளாதார வீழ்ச்சிக் காலம் அது. வகுப்பில் உட்கார்ந்திருந்தவங்களில் பல பேருக்கு ஒரு கவிதையையோ கதையையோ எப்படிப் பிடிச்சு இறங்கறதுன்னே தெரியலை. இருந்த பாடப்புத்தகங்களோ எழுத்தாளர் பிறந்த ஊர், வருஷம், "அழகிய வர்ணனை", "உன்னதக் கற்பனை" இதைத்தான் சொல்லிச்சு. (இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கில்ல?) சரி, நாமே தயார் பண்ணுவோம்னு மாணவர்களுக்காகக் குறிப்புகள் எழுதிப் படியெடுத்துக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. அந்த வேலைதான் வளர்ந்து 1938-ல் கவிதைக்கான பாடப்புத்தகமாச்சு. 1943-ல் கதைக்கு ஒண்ணு வந்தது, பேர் 'அண்டர்ஸ்டாண்டிங் ஃபிக்ஷன்'. ஜான் குரோ ரான்சம் 1941-ல் போட்ட ஒரு புத்தகத் தலைப்பிலிருந்து இந்தப் போக்குக்கே 'புதுத் திறனாய்வு'ன்னு பேர் நிலைச்சது.

அந்தப் புத்தகத்தில் மாப்பசானின் நெக்லஸ் கதை, ஓ ஹென்றி, போ, ஃபாக்னர் எல்லாரும் உண்டு. கதை முடிஞ்சதும் கேள்விகள் இருக்கும். சில கதைகளுக்கு ஆசிரியர்களே எழுதின அலசலும் இருக்கும். பெரிய பேருன்னு யாரையும் விட்டு வைக்கலை. போவின் அஷர் மாளிகைக் கதையில் பயம் பயத்துக்காகவே இருக்குன்னு குறை சொன்னாங்க. ஓ ஹென்றியின் திடுக் முடிவையும் மாப்பசானின் திடுக் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சு, எது கதைக்குள்ளேயிருந்து வருது, எது வெளியிலிருந்து ஒட்டினதுன்னு கேட்டாங்க. பாடப்புத்தகத்தில் இருக்கிற கதையையே மாணவன் குறை சொல்லலாம், ஆனா காரணம் காட்டணும் என்பது அங்கே நடைமுறையா ஆச்சு.

ஒரு உதாரணம் சொன்னா அவங்க வழி தெளிவாப் புரியும். ஹெமிங்வேயின் 'தி கில்லர்ஸ்', 1927-ல் வந்த கதை. ஒரு சின்ன ஊர் சாப்பாட்டுக்கடைக்கு ரெண்டு கூலிக்கொலைகாரங்க வர்றாங்க. ஆண்டர்சன்னு ஒரு பழைய குத்துச்சண்டைக்காரன் வழக்கமா சாப்பிட வருவான், அவனைச் சுடக் காத்திருக்காங்க. அவன் வரலை. கிளம்பிடறாங்க. கடையில் இருந்த நிக் என்கிற பையன் ஓடிப் போய் ஆண்டர்சனை எச்சரிக்கிறான். ஆண்டர்சன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிட்டு, ஒண்ணும் செய்யறதுக்கில்லைன்னுடறான். நிக் கடைக்குத் திரும்பி வந்து, இந்த ஊரை விட்டே போயிடப் போறேங்கிறான். கதை முடிஞ்சது.

புரூக்ஸும் வாரனும் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. இது யாருடைய கதை? கொலைகாரங்க கதைன்னா அவங்க கடையை விட்டுப் போனதுமே முடிஞ்சிருக்கணுமே, ஏன் முடியலை? ஆண்டர்சன் கதைன்னா, அவன் சாகறானா இல்லையான்னு சொல்லியிருக்கணுமே, ஏன் சொல்லலை? அப்படின்னா இது நிக்குடைய கதை. உலகத்தில் இப்படியும் நடக்கும், தடுக்க யாரும் வரமாட்டாங்கன்னு ஒரு பையன் முதல் தடவையா தெரிஞ்சுக்கிற கதை. இதைச் சொல்ல ஹெமிங்வே எங்கே பிறந்தார், எத்தனை கல்யாணம் பண்ணினார்னு தெரிய வேண்டாம். கதை எங்கே நிக்குதுங்கிறதைக் கவனிச்சாப் போதும்.

இந்த முறை ஏன் இவ்வளவு வேகமாப் பரவிச்சு? இலக்கியக் காரணம் பாதி, நடைமுறைக் காரணம் பாதி. 1944-ல் அமெரிக்காவில் போர்வீரர்களுக்கான உதவிச் சட்டம் வந்தது. போரிலிருந்து திரும்பினவங்களில் சுமார் 22 லட்சம் பேர் அரசாங்கச் செலவில் காலேஜுக்கு வந்தாங்க. பல பேர் அவங்க குடும்பத்திலேயே முதல் முறையா காலேஜ் வாசலை மிதிச்சவங்க. லத்தீன் தெரியாது, வீட்டில் புத்தக அலமாரி கிடையாது. அவங்க முன்னாடி பத்துப் பக்கக் கதையை வெச்சு, "இதில் என்ன இருக்கு, எங்கே இருக்குன்னு காட்டு"ன்னு சொன்னா, பணக்கார வீட்டுப் பையனும் பண்ணைக்கார வீட்டுப் பையனும் ஒரே கோட்டிலிருந்து ஓடலாம். அதோட, சிறுகதை ஒரு பீரியடுக்குள்ள அடங்கும். நாவல் அடங்காது.

ஆனா எந்த நல்ல வழியும் நாள்பட்டா வாய்ப்பாடா மாறிடும் இல்லையா? இதுவும் மாறிச்சு. "கதை யாருடையது"ன்னு தேடின இடத்தில், "கருப்பொருள் என்ன, குறியீடு என்ன, முரண் என்ன"ன்னு நிரப்பற படிவம் வந்தது. 1958-ல் நெப்ராஸ்கா மாநிலத்தில் கிளிஃப்டன் ஹில்லகாஸ் என்பவர், ஷேக்ஸ்பியரின் 16 நாடகங்களுக்கு நோட்ஸ் போட்டு விக்க ஆரம்பிச்சார். அமெரிக்கா முழுக்கப் பிரபலமான கிளிஃப்ஸ் நோட்ஸ் அதுதான். கைடு வியாபாரம் நமக்கு மட்டும் உள்ள வியாதின்னு நினைச்சுக்காதீங்க.

இன்னொரு பக்கம், நியாயமான எதிர்ப்பும் வந்தது. கதையை மட்டும் பாரு, ஆசிரியர், காலம், சமூகம் எதையும் பார்க்காதேன்னா, கதை எதைப் பார்க்காம விட்டதுன்னு எப்படித் தெரியும்? 1975-ல் சினுவா அச்செபே, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். ஜோசப் கான்ராடின் 'இருளின் இதயம்', வகுப்புகளில் தலையில் வெச்சுக் கொண்டாடப்பட்ட நெடுங்கதை. அதில் ஆப்பிரிக்கர்களுக்கு மனுஷ முகமே இல்லையேன்னு கேட்டார். வெறும் கோபமா கேட்கலை. எந்தப் பாத்திரத்துக்குப் பேச்சு கொடுக்கப்பட்டிருக்கு, யாருக்கு வெறும் சத்தம் மட்டும் கொடுக்கப்பட்டிருக்குன்னு கதைக்குள்ளேயிருந்தே எடுத்துக் காட்டினார். அதாவது உன்னிப்பா வாசிக்கிறதை அவர் கைவிடலை. அதே உன்னிப்போட, அதுவரை வகுப்பில் கேட்காத கேள்வியைக் கேட்டார். 'தி கில்லர்ஸ்' கதையிலேயே சமையல்கட்டில் ஒரு கறுப்பினச் சமையல்காரர் இருக்கார். கதையில் அவரை இழிசொல்லால் குறிப்பிடறாங்க. நிக்குடைய கதைன்னு சொல்லி முடிச்சதுக்கப்புறமும், அவர் கண்ணில் இந்தச் சாயங்காலம் எப்படித் தெரிஞ்சிருக்கும்னு ஒரு மாணவன் கேட்கலாம். கேட்கணும்.

இப்போ நம்ம ஊர். தமிழில் இந்த வேலையை ஆரம்பிச்சது காலேஜ் இல்லை, ஒரு சிறுபத்திரிகை. 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கினார். 1970 வரை நடத்தினார். 'அலசல் விமர்சனம்'னு அவர் வழிக்குப் பேர். இந்தக் கதை எனக்குப் பிடிச்சிருக்கு, மனசைத் தொட்டதுன்னு ரசனையோட நிறுத்திக்காம, வார்த்தை வார்த்தையாப் பிரிச்சு, ஏன் பிடிச்சதுன்னு காட்டணும்னார். மேல்நாட்டுப் புதுத் திறனாய்வைப் படிச்சவர், ஆனா அதை வெச்சு அலசினது நம்ம வ.வே.சு. ஐயரையும் மணிக்கொடிக்காரர்களையும். 'தமிழ்ச் சிறுகதை பிறக்கிறது' என்ற அவர் புத்தகம் அப்படி வந்ததுதான். எழுத்து பிரசுரப் புத்தகங்களைத் தோளில் சுமந்துக்கிட்டுக் காலேஜ் காலேஜா போய் வித்தவர் அவர். இந்தப் பக்கம் இலங்கையில் கா. சிவத்தம்பி 1967-ல் 'தமிழில் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்' எழுதி, சமூகத்தை விட்டுட்டுக் கதையைப் பார்க்க முடியாதுன்னு காட்டினார். உள்ளே பார்க்கிற கண், வெளியே பார்க்கிற கண் ரெண்டும் நமக்கும் கிடைச்சாச்சு. ஆனா பரீட்சைத் தாளுக்கு வந்து சேர்ந்தது ரெண்டோட எலும்புக்கூடு மட்டும்தான்.

நான் படிச்ச காலேஜில் (பேர் வேண்டாமே) புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' பாடமா இருந்தது. மூணே பக்கக் கதை, 1934-ல் வந்தது. மில் வேலைக்குப் போற அம்மாளு, வண்டியிலிருந்து விழுந்து அடிபட்டுக் கிடக்கிற புருஷனுக்குப் பால்கஞ்சி கொடுக்கக் காசில்லாம, இருட்டுச் சந்தில் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். வகுப்பில் கதையை வாசிக்கவே இல்லை, நோட்ஸ் டிக்டேட் பண்ணினாங்க. "வறுமை கற்பை விற்க வைக்கும் அவலத்தை ஆசிரியர் படம்பிடிக்கிறார்." அறுபது பேரும் அதையே எழுதினோம்.

ஒருத்தன் மட்டும் வேற எழுதினான். என் பக்கத்து பெஞ்ச். இந்தக் கதை அம்மாளுவுக்காக அழவே இல்லைன்னு எழுதியிருந்தான். பாதிக் கதை வரைக்கும் தெருவையும் சாக்கடையையும் குழந்தைகளையும்தான் காட்டறார், அம்மாளு வர்றதே பிற்பாடுதான். சொல்றவர் குரல் ஆரம்பத்திலிருந்தே நம்மகிட்டதான் கிண்டலாப் பேசுது. கடைசியில் திரும்பி அடிக்கிறதும் கற்பு பேசுற நம்மளைத்தான். அதனால இது அம்மாளு கதைங்கிறதை விட, படிக்கிறவன் மேல போட்ட வழக்குன்னு சொல்லலாம்... இப்படிப் போச்சு அவன் கட்டுரை. சிவப்பு மையில் "வினாவிற்குத் தொடர்பில்லை"ன்னு எழுதி 15-க்கு 4 போட்டிருந்தாங்க. எங்களுக்கெல்லாம் 11, 12. அடுத்த செமஸ்டரிலிருந்து அவனும் நோட்ஸ்தான் எழுதினான்.

இதைத்தான் நான் நஷ்டம்னு சொல்றேன். மார்க்கு போனது பெரிசில்லை. லூசியானாவில் ரெண்டு வாத்தியார்கள் படாத பாடுபட்டு மாணவர்கள்கிட்டேர்ந்து வரவழைக்கப் பார்த்ததை, இங்கே ஒருத்தன் யாரும் சொல்லிக் கொடுக்காமலே செஞ்சான். 4 மார்க் போட்டு அனுப்பிட்டோம். அந்த மாதிரி எத்தனை பேர் நோட்ஸுக்குத் திரும்பியிருப்பாங்கன்னு யார் கணக்கு வெச்சிருக்கா?

நல்லா நடத்தற ஆசிரியர்களும் இருக்காங்க, இல்லேன்னு சொல்லலை. ஆனா இன்னைக்கு நிலைமை இன்னும் கஷ்டம். கதைப் பேரைத் தட்டினா, முன்னுரையிலிருந்து முடிவுரை வரை கம்ப்யூட்டரே நிமிஷத்தில் எழுதிக் கொடுக்குது. கட்டுரையைத் தடை பண்ணு, பரீட்சையை மாத்துன்னு எல்லாரும் பேசறாங்க. எனக்கென்னவோ ரிச்சர்ட்ஸ் மாதிரி பேரை மறைச்ச ஒரு கதையைக் கையில் கொடுத்து, வகுப்பிலேயே உட்கார வெச்சு, பத்தே வரி எழுதச் சொல்லலாம்னு தோணுது. கதைச்சுருக்கம் வேண்டாம், ஆசிரியர் குறிப்பு வேண்டாம். உனக்கு என்ன தோணுது, கதையில் எந்த இடத்தைப் பார்த்து அப்படித் தோணுது, அவ்வளவுதான் கேள்வி. திருத்தறவரும் "நோட்ஸில் இருக்கா"ன்னு தேடாம, "கதையில் இருக்கா"ன்னு பார்க்கணும்.

உங்க வீட்டில் யாராவது இலக்கியம் படிச்சிட்டிருந்தா, 'பொன்னகர'த்தைக் கொடுத்துப் பாருங்க. பத்து நிமிஷத்தில் படிச்சிடலாம். படிச்சு முடிச்சதும் இது யாரோட கதைன்னு கேளுங்க. என்ன சொன்னாலும் உடனே சரி, தப்புன்னு சொல்லாதீங்க. "எந்த இடத்தை வெச்சுச் சொல்றே?"ன்னு கேளுங்க. புரட்டிப் பார்த்து ஒரு வரியில் விரல் வெச்சாங்கன்னா, அவங்களுக்கு நோட்ஸ் வாங்கிக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.